பிஸ்கட் இழுத்து வந்தது

பள்ளிக் கழிப்பறையில் அந்த இரத்தத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று, வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு வெளியே வந்து, சாம்பாரில் உப்பு போதுமா என்று ருசி பார்த்தேன். கடத்தூருக்குப் பக்கத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மூலம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். துத்தி இலையை வதக்கிச் சாப்பிட்டேன். மலம் பென்சில் போல மெலிந்து வந்தது. போய்விட்டு வந்த பிறகும் உள்ளே இன்னும் மிச்சம் இருப்பது போல ஒரு முட்டல் இருந்துகொண்டே இருந்தது. உள்பாவாடையில் கறை படிந்தபோது அதைத் தனியாகத் துவைத்து, மற்ற துணிகளுக்கு அடியில் போட்டு உலர்த்தினேன்.

டாக்டரிடம் போக எனக்குப் பயம் இல்லை. வெட்கம்தான். அந்த இடத்தை ஓர் அந்நியருக்குத் திறந்து காட்ட வேண்டும் என்ற எண்ணமே என்னை ஒரு வருடத்துக்கு மேல் வீட்டிலேயே உட்கார வைத்தது. இதைப் படிக்கும் நீங்களும் அப்படி உட்கார்ந்திருந்தால், இத்தோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் கிளம்புங்கள். மீதியை வந்து படித்துக்கொள்ளலாம்.

சமையலறையில் ஒரு நாள் மயங்கி விழுந்தேன். அதன் பிறகுதான் என் கணவர் சவரிமுத்து என்னைச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. கொலனோஸ்கோப்பி (கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்தார்கள். பயாப்சி (சிறு துண்டு சதையை எடுத்துச் சோதிப்பது) முடிவு வந்தது. மலக்குடலில் புற்றுநோய்.

கதிர்வீச்சும் மாத்திரைகளும் முடிந்த பிறகு அறுவை சிகிச்சை டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். என் மகன் வயதுதான் இருக்கும்.

"அம்மா, கட்டி ஆசனவாய்க்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. அதை மட்டும் தனியா எடுக்க முடியாது. மொத்தமா எடுத்துட்டு, கீழ தைச்சு மூடிடுவோம். வயித்துல இடது பக்கம் ஒரு வழி வெப்போம். அது மேல பை ஒட்டிக்கணும்."

"எத்தினி நாளைக்குங்க?"

"ஆயுசுக்கும்மா."

நான் அடுத்துக் கேட்ட கேள்வி, "பொழைப்பேனுங்களா?" என்பதல்ல. "நாத்தம் வருங்களா?" என்று கேட்டேன். சவரிமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வழிக்கு ஸ்டோமா என்று பெயர் (குடலின் நுனியை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து தைத்து வைப்பது). ஈரமாக, சிவப்பாக, வாய்க்குள் இருக்கும் சதையைப் போல இருக்கும். அதற்கு மூடவும் தெரியாது, அடக்கவும் தெரியாது. வர வேண்டியது வரும்போது வரும். நர்ஸ் அதைச் சுத்தம் செய்யவும் பை ஒட்டவும் எனக்குக் கற்றுக் கொடுத்தபோது, திரைக்கு வெளியே நின்ற கணவரை நான் உள்ளே வரவிடவில்லை. "வூட்டுக்காரரும் பழகிக்கட்டும்மா," என்றார் நர்ஸ். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன்.

ஊரில் கேட்டவர்களுக்கு, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று சொல்ல வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வாழ்க்கை ஒரே அறைக்குள் சுருங்கியது. சவரிமுத்து தாழ்வாரத்தில் கட்டில் போட்டுக்கொண்டார். நான்தான் போடச் சொன்னேன். பள்ளிக்கு விடுப்பை நீட்டித்துக்கொண்டே போனேன். பயன்படுத்திய பைகளைச் செய்தித்தாளில் சுற்றி, கவரில் போட்டு, வேலியோரம் புங்கமரத்தடியில் நின்றபடியே மண்வெட்டியால் சிறு குழி பறித்துப் புதைத்தேன். பக்கத்து வீட்டில் யாரும் வெளியே இல்லாத நேரம் பார்த்துத்தான் போவேன்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போனேன். நடுப்பூசையில் மணியடித்து எல்லோரும் முழங்காலிட்டுத் தலை குனிந்திருந்த அந்த அமைதியில், என் வயிறு சத்தமாகக் காற்றை வெளியேற்றியது. அடக்க எனக்கு வழி இல்லை. முன்வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நாற்றம் வந்ததா, அவளாகவே வைத்தாளா, எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு பூசைக்குப் போகவில்லை. சாப்பாட்டையும் குறைத்தேன். வயிறு காலியாக இருந்தால் பையும் காலியாக இருக்கும் என்பது என் கணக்கு. எடை குறைந்துகொண்டே போனதை நோயின் தலையில் போட்டேன்.

இந்த நிலையில்தான் எங்கள் மகன் அருள் நாயோடு வந்து இறங்கினான்.

அருள் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். அவன் அறைக்கு வெளியே திரிந்த ஒரு பெட்டை நாய்க்குத் தினமும் பிஸ்கட் போட்டிருக்கிறான். ஒரு நாள் அது வண்டியில் அடிபட்டுச் சாக்கடை ஓரம் கிடந்தது. நாய்களை மீட்டுப் பராமரிக்கும் கவிதா என்ற பெண் அதைத் தூக்கிப்போய் வைத்தியம் பார்த்தாள். பின்னங்கால் எலும்புக்குள் கம்பி வைத்து, குட்டி போடாதிருக்க ஆபரேஷனும் செய்து, அடையாளத்துக்குக் காது நுனியைக் கத்தரித்திருந்தார்கள். கவிதாவின் கொட்டகையில் மற்ற நாய்கள் இதைக் கடித்தன.

"ரெண்டு மாசம் மட்டும் வெச்சுக்கம்மா. நான் வேற ரூம் பாத்ததும் கூட்டிட்டுப் போயிடறேன்."

"இந்த வூட்டுல ஏற்கெனவே ஒருத்திக்குக் கழுவித் துடைக்கறது போதாதாடா?" என்றேன்.

அவன் கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் தக்காளிக் கிரேட்டை இறக்கி வைத்தான். உள்ளே பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று உடம்பையெல்லாம் சுருட்டி, முகத்தைக் கிரேட்டின் மூலையில் புதைத்துக்கொண்டு நடுங்கியது. பெயர் பிஸ்கட் என்றான். சவரிமுத்து அதை "பிஸ்கேட்டு" என்றுதான் இன்றுவரை கூப்பிடுகிறார்.

கிரேட்டைச் சாய்த்ததும் அது நொண்டிக்கொண்டே ஓடி, சமையலறையில் அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்துகொண்டது. அன்று வெளியே வரவில்லை. மறுநாளும் வரவில்லை. யாராவது கிட்டே போனால் அப்படியே தரையோடு ஒட்டிப் படுத்து மூத்திரம் போய்விடும். சத்தமாகப் பேசினால் போகும். குக்கர் விசில் அடித்தால் போகும். சாப்பாட்டை வைத்துவிட்டு எல்லோரும் போன பிறகுதான், சுவரைப் பார்த்தபடி, விழுங்குவது போலத் தின்னும். மலம் டிரம்முக்குப் பின்னாலேயே கிடக்கும்.

தரையில் மண்டியிட்டுக் குனிந்து துடைப்பது என்னால் முடியாது. வயிறு மடங்கக் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சவரிமுத்து துடைத்தார். வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போது எனக்கு உடம்பெல்லாம் எரியும். அவர் நாயின் கழிவை முகம் சுளிக்காமல் அள்ளினார். என்னுடையதை அவர் பார்த்துவிடக் கூடாது என்று நான் கதவைத் தாழிட்டுக்கொண்டிருந்தேன்.

கவிதா போனில் பேசினாள்.

"அக்கா, அதோட கண்ணை நேராப் பாக்காதீங்க. பக்கவாட்டுல திரும்பி உக்காருங்க. கூப்பிடாதீங்க, தொடாதீங்க. தப்பான எடத்துல போச்சுன்னா திட்டாதீங்க, சும்மா தொடைச்சுடுங்க. திட்டுனா ஒளிஞ்சு போகத்தான் கத்துக்கும்."

"எத்தினி நாளு கண்ணு இப்பிடி?"

"சொல்ல முடியாதுக்கா. சிலது சீக்கிரம் வரும். சிலது மாசக்கணக்குல ஆவும்."

நான் பகல் முழுக்க வீட்டிலேயே இருப்பவள். அதனால் டிரம்முக்கு எதிரே நாற்காலி போட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்காரும் வேலை என்மேல் விழுந்தது. பூண்டு உரித்தேன். பச்சைப்பயறு பொறுக்கினேன். வேளை தவறாமல் சோறு வைத்தேன். தின்று முடித்ததும் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு விலகி நின்றேன். பல நாள் எதுவும் நடக்கவில்லை. ஒரு மதியம் அது திறந்த கதவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு வெளியே போய், சுவரோரம் மண்ணில் மலம் கழித்துவிட்டு, ஓடி வந்து மறுபடியும் டிரம்முக்குப் பின்னால் புகுந்துகொண்டது. நான் கையைத் தட்டவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. கவிதாவுக்கு மட்டும் போன் செய்தேன். நெடுநாளைக்குப் பிறகு நானாக ஒருவருக்குப் போன் செய்தது அன்றுதான்.

பிறகு அது மெல்ல என் பக்கம் வர ஆரம்பித்தது. ஆனால் எதற்காக வந்தது என்று தெரிந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. என் இடது பக்கம் வந்து நின்று, மூக்கை நீட்டி, சேலைக்கு மேலேயே பையை மோந்து பார்க்கும். தள்ளிவிடுவேன். திரும்ப வரும். எத்தனை சோப்புப் போட்டாலும் எவ்வளவு பவுடர் அடித்தாலும் அந்த மூக்கிடம் மறைக்க முடியவில்லை.

என் நாத்தனார் மொரப்பூரிலிருந்து பார்க்க வந்திருந்தபோதும் அப்படித்தான் செய்தது.

"என்னா அண்ணி, அங்கயே மோந்து மோந்து பாக்குது?"

"மருந்து வாசனைங்க," என்றேன். அவள் என் இடுப்பைப் பார்த்தாள். நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, வேலை இருப்பது போல உள்ளே போனேன்.

எல்லாம் உடைந்த நாள், தக்காளி விலை ஏறியிருந்த ஒரு காலை. பக்கத்து வீட்டு மாதம்மாள் அக்காவின் களத்தில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து, பெரியது சிறியது பிரித்துக் கிரேட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். சவரிமுத்து முதல் நாள் பெய்த மழையில் பயிர் சாய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போயிருந்தார்.

"ஏ ஸ்டெல்லா! உங்க நாயி என்னாத்தையோ கவ்விட்டு வந்துருக்குது பாரு!"

வெளியே ஓடினேன். பிஸ்கட் களத்தின் நடுவில், தக்காளிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றது. அன்றுவரை அது முன்வாசலைத் தாண்டியதே இல்லை. மழையில் குழி மண் கரைந்திருந்தது. அதன் வாயில் என் பை. கவரும் செய்தித்தாளும் வழியெல்லாம் கிழிந்து கிடந்தன. பை பிய்ந்து தரையில் ஒழுகியிருந்தது.

அது என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அது வாலை ஆட்டியது அதுதான் முதல் தடவை.

"ஐயே, அது பீ!" என்று ஒருத்தி எழுந்து நின்றாள். இன்னொருத்தி தக்காளிக் கிரேட்டை அவசரமாக இழுத்தாள். எல்லோர் பார்வையும் பையிலிருந்து என் வயிற்றுக்கு வந்தது. அப்போதுதான் என் கை வயிற்றின் இடது பக்கத்தைப் பொத்திக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. நானே காட்டிக் கொடுத்துவிட்டேன்.

களத்து விளக்குமாற்றை எடுத்து நாயை அடித்தேன். ஒரு அடி முதுகில், ஒரு அடி கம்பி வைத்த காலில். அது கத்தவில்லை. பையைப் போட்டுவிட்டு, தரையோடு தரையாகப் படுத்து, மூத்திரம் போனது. பிறகு எழுந்து வீட்டுக்குள் ஓடியது. நானும் அதன் பின்னால் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். கீழே கிடந்த பையை எடுக்கக்கூட நிற்கவில்லை.

வெளியே யாரோ மண்வெட்டியால் சுரண்டும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் கேட்டது. என் கழிவை வேறொரு பெண் அள்ளுகிறாள். காதைப் பொத்திக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். செத்திருக்கலாம் என்று புற்றுநோய் வந்தபோதுகூட நான் நினைத்ததில்லை.

வெயில் ஏறிய பிறகு மாதம்மாள் அக்கா பின்கதவு வழியாக வந்தாள். ஐம்பத்தைந்து வயது, உரத்த குரல், எதையும் சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

"பொதைச்சுட்டேன். என்னாது அது? சொல்லு."

சொன்னேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. கீழே மூடித் தைத்ததையும் சொன்னேன். அவள் வாயில் வெற்றிலையை அதக்கியபடி கேட்டாள்.

"அப்ப இனிமே இதுலதான் வருமா?"

"ஆமாங்கக்கா."

"வர்றது உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. சூடாத் தட்டும், அப்பத்தான் தெரியும்."

"இவ்ளோதானா?" என்றாள். "ஊருல என்னென்ன பேசறாங்க தெரியுமா உனக்கு? புருசன் தனியாப் படுக்கறாரு, இவ யாருக்கும் தெரியாம எதையோ பொதைக்கறா, ஏதோ வெளிய சொல்லக் கூடாத சீக்குன்னு. உன் வூட்டுக்காரர்கிட்ட பீடி நெருப்பு வாங்கக்கூட யோசிச்சானுங்க."

நான் மறைத்ததைவிடக் கேவலமான ஒன்றை ஊர் எனக்காக இட்டுக்கட்டி வைத்திருந்தது. அவள் எழுந்து போன பிறகு பார்த்தேன். நான் கொடுத்த காப்பி அப்படியே இருந்தது. மனசில் ஒன்றும் இல்லாதவள்தான். ஆனாலும் குடிக்கவில்லை. அதையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

அன்றே அருளுக்குப் போன் செய்து, நாயைக் கூட்டிப்போகச் சொன்னேன். அவன் கெஞ்சினான். நான் போனை வைத்துவிட்டேன். சவரிமுத்து நாயின் காலைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "வீங்கலை," என்றார். அவ்வளவுதான்.

பிஸ்கட் மறுபடியும் டிரம்முக்குப் பின்னால். சோறு தொடவில்லை. நானும் தொடவில்லை. பின்கதவு திறந்தே கிடந்தது; இரண்டு பேரும் வெளியே போகவில்லை. இரண்டு நாள் கழித்துக் கவிதா ஒரு ஆம்னி வேனில் வந்தாள். முப்பது வயதிருக்கும், கையெல்லாம் பழைய கடித் தழும்புகள். அதட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"பரவால்லக்கா. எல்லா வூட்டுக்கும் ஒத்து வராது," என்று மட்டும் சொன்னாள்.

கூப்பிட்டுப் பார்த்தாள். கறித்துண்டு காட்டினாள். நாய் இன்னும் உள்ளே ஒண்டியது. கையை நீட்டியபோது பல்லைக் காட்டியது.

"அக்கா, என்னை மறந்துடுச்சு போல. நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க. உங்ககிட்டன்னா வரும்."

விளக்குமாற்றால் அடித்தவளிடம் எப்படி வரும் என்று நினைத்தேன். ஆனால் வேன் நின்றுகொண்டிருந்தது. முட்டி போட்டு, கையை ஊன்றி, டிரம்முக்குப் பின்னால் தலையை நுழைத்தேன். இருட்டில் அதன் கண்கள் மட்டும் தெரிந்தன. என்னைப் பார்த்ததும் காதுகள் தலையோடு ஒட்டிக்கொண்டன. கையை அதன் மார்புக்குக் கீழே விட்டேன். கடிக்கவில்லை. உடம்பு முழுவதும் உதறியது. சூடான மூத்திரம் என் முழங்கையில் வழிந்தது.

அந்த நேரத்தில், மடங்கியிருந்த என் வயிற்றில் ஏதோ விடுபட்டது. பையின் ஒட்டு பிரிந்துவிட்டது. இடுப்பில் வழிந்து சேலையை நனைத்துத் தரைக்கு வந்தது. நாற்றம் அந்தச் சின்னச் சந்து முழுவதும் நிறைந்தது.

பின்வாங்க முடியவில்லை. கையில் நாய். பின்னால் கவிதாவும் என் கணவரும். தலை டிரம்முக்குப் பின்னால், உடம்பு வெளியே. நான் அழுதேன். நாய் என் கழுத்தடியில் முகத்தைச் செருகிக்கொண்டது. ஆறுதல் சொல்ல வந்தது என்று நான் கதை கட்ட மாட்டேன். ஒளிய வேறு இடம் அதற்கு இல்லை.

எனக்குப் பின்னால் யாரோ குழாயைத் திறந்தார்கள். பிறகு கவிதாவின் குரல் கேட்டது. எந்த மாற்றமும் இல்லாத, தினமும் கொட்டகை கழுவுகிறவளின் குரல்.

"தண்ணி புடிச்சுட்டேன். மொதல்ல யாருக்குக்கா? உங்களுக்கா, அதுக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு சேர்ந்து வந்ததால் அது சிரிப்பு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

"அதைக் கழுவி வுடு கண்ணு," என்றேன். "இங்கயே இருக்கட்டும்."

என்னைக் குளியலறைக்குக் கூட்டிப்போனவர் சவரிமுத்து. இந்தத் தடவை நான் கதவைத் தாழிடவில்லை. அவர் சேலையை அவிழ்த்தார், வெந்நீர் ஊற்றினார். அப்போதுதான் முதன்முறையாக ஸ்டோமாவைப் பார்த்தார். குனிந்து, கத்தரிச் செடியில் பூச்சி தேடுகிறவரைப் போல, நிதானமாகப் பார்த்தார்.

"தொட்டா வலிக்குமா?"

"இல்லீங்க. அதுல உணர்ச்சி கெடையாது. சுத்தியிருக்கற தோலுதான் எரியும்."

தோல் உண்மையிலேயே புண்ணாகியிருந்தது. பை கசிகிறது என்பதையே ஒத்துக்கொள்ளாமல், மேலே மேலே பிளாஸ்திரி ஒட்டி மறைத்து வந்திருந்தேன். சேலத்தில் நர்ஸ் பார்த்துவிட்டு, பையின் துளையை ஸ்டோமாவின் அளவைவிடப் பெரிதாக வெட்டியிருக்கிறேன் என்றார். எடை குறைந்ததில் ஸ்டோமாவின் அளவே மாறிவிட்டதாம். புது அளவெடுத்து, தோலுக்குப் பூசப் பவுடர் கொடுத்தார். சாப்பிடாமல் இருந்தால் பை காலியாக இருக்காது, காற்றுதான் அதிகமாக நிறையும் என்றும் சொன்னார். உங்களுக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன். பசியோடு இருப்பது நம்மைச் சுத்தமாக்காது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. தலைமையாசிரியை போன் செய்தார்.

"ஸ்டெல்லா, நான் தப்பா சொல்லலைங்க. ரெண்டு மூணு பேரு வந்து கேக்கறாங்க, அவங்க கையாலயா புள்ளைங்களுக்குச் சோறுன்னு. டாக்டர்கிட்ட ஒண்ணு எழுதி வாங்கிட்டு வந்துடுங்களேன்."

டாக்டரிடம் போய் அதைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே, "பையில இருக்கறது எல்லாருக்கும் உள்ள இருக்கறதுதாம்மா. கையை நல்லாக் கழுவுங்க. கேட்டவங்களையும் கழுவச் சொல்லுங்க," என்றார். வேலைக்குத் திரும்பினேன். பெரும்பாலானவர்கள் மறந்துவிட்டார்கள். ஒரு தாய் மட்டும் இன்றும் தன் மகளுக்கு வீட்டிலிருந்து டப்பாவில் கொடுத்தனுப்புகிறாள். அந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்து தின்பதைப் பார்க்கும்போதெல்லாம் முகம் சுடுகிறது. அந்தத் தாய்மேல் கோபம் வருவதில்லை. வந்தால் நன்றாக இருக்கும்.

பிஸ்கட்டை நம்ப வைக்க, முதலில் செய்ததையெல்லாம் ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டியிருந்தது. இந்தத் தடவை இன்னும் கடினம். அதற்கு இப்போது என்னைத் தெரியும். விளக்குமாற்றைக் கையில் எடுத்தாலே மறைந்துவிடும். பல வாரங்கள் சவரிமுத்துதான் வீடு பெருக்கினார். விளக்குமாற்றைத் தரையில் போட்டு, அதன்மேல் ஈரல் துண்டை வைத்துப் பழக்கச் சொன்னாள் கவிதா. நாய் கழுத்தை நீட்டித் துண்டை மட்டும் கவ்விக்கொண்டு ஓடும். இப்போது விளக்குமாறு கிடந்தால் தாண்டிப் போகிறது. நான் கையில் எடுத்தால் மட்டும் இன்னும் ஒரு கணம் நின்று என் முகத்தைப் பார்க்கிறது. அந்த ஒரு கணத்தை என்னால் அழிக்க முடியவில்லை. அழிக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

மாலையில் வயல் வரை நடக்கிறோம். டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருந்தார். அது மூன்றரைக் காலில், நான் பாதி வேகத்தில். மாதம்மாள் அக்கா களத்திலிருந்து, "என்னா ஸ்டெல்லா, ரெண்டு பேரும் கெளம்பிட்டீங்களா?" என்பாள். அருள் வேறு அறை பார்த்துவிட்டான். நாயைக் கேட்டான். தரவில்லை.

வெட்கம் போய்விட்டதா என்று என்னைப் போலப் பை வைத்திருக்கும் ஒரு பெண் போனில் கேட்டாள். போகவில்லை. கல்யாண வீட்டில் கழிப்பறை எங்கே என்று கேட்கும்போது இன்றும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆனால் கேட்டுவிடுகிறேன்.

இத்தனை வருடம் எனக்குப் பின்னால், நான் ஒரு நாளும் பார்த்தறியாத இடத்தில் இருந்த ஒன்று, இப்போது என் கண் முன்னால் இருக்கிறது. காலையில் அதன் நிறத்தைப் பார்க்கிறேன். சிவப்பாக இருந்தால் நலம். அடுத்த பரிசோதனை எப்போது என்று நாட்காட்டி சொல்கிறது. இன்றைக்கு நான் எப்படி இருக்கிறேன் என்பதை அந்தச் சிவப்புதான் சொல்கிறது.

போன ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், பிஸ்கட் வாசற்படிக்குக் குறுக்கே மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. நான்கு கால்களும் நான்கு பக்கம். வயிற்றில் ஆபரேஷன் தழும்பு ஊருக்கே தெரிந்தது. சவரிமுத்து அதைத் தாண்டிப் போனார். தக்காளி மண்டிக் கணக்குச் சீட்டை வாங்க வந்த மாதம்மாள் அக்காவின் மருமகளும் தாண்டித்தான் வந்தாள். அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் வயிற்றின் இடது பக்கம் பை மெல்லச் சூடானது. எழுந்து போக வேண்டும். போகலாம், அவசரமில்லை. அந்தச் சூட்டோடு அங்கேயே இருந்தேன். வெயில் படியேறி, நாயின் வயிற்றைத் தொட்டு, என் மடிக்கு வந்து சேர்ந்தது.